பொது மருத்துவமனைக்காகக் குரல் கொடுக்க எங்கிருந்து தொடங்குவது? ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன், குளிர்கால இரவொன்றில், பக்கத்து வீட்டு அம்மா ஒருவரைக் கடும் வயிற்று வலியுடன் ஒரு பொது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். அவர் எழுபதைக் கடந்தவர். மகன் வேலை நிமித்தமாக வேறு மாநிலத்தில் இருந்தார். முன்வாசலில் இருந்த செவிலியர் கேட்ட கேள்விகளுக்கு அவர் தலையை மட்டும் அசைத்தார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுப் பெறலாம் என்பது எனக்கும் அப்போது தெரியாது. ஐந்து மணி நேரம் கழித்து மருத்துவர் வந்து தாள்களைப் புரட்டியபோதுதான், வலி எப்போது தொடங்கியது என்ற ஒரே கேள்விக்கு மூன்று பேர் மூன்று விதமாக எழுதி வைத்திருந்தது தெரிந்தது. மறுநாள் காலை இந்தச் செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. பலர் வருத்தப்பட்டார்கள், சிலர் தங்களுக்கு நேர்ந்ததையும் சொன்னார்கள், மாலைக்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவற்றில் ஒரு வரிகூட அந்த மருத்துவமனைக்கோ, அதை நடத்தும் அரசுக்கோ, பொது மருத்துவத்துக்காக வாதாடும் தேசிய அமைப்புகளுக்கோ போய்ச் சேரவில்லை.

அதன் பிறகு நான் ஒரு மருத்துவமனையின் நுகர்வோர் ஆலோசனைக் குழுவில் சேர்ந்தேன். நாடாளுமன்றக் குழுக்களுக்கு எழுதப் பழகினேன். தவறான இடங்களுக்கு எழுதி, பதில் வராமல் காத்திருந்தும் கற்றுக்கொண்டேன். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழ் பேசுவோர் இந்த நாட்டில் 95,000 பேருக்கும் மேல். நமக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதை எங்கே, எப்படிச் சொன்னால் கேட்கப்படும் என்பதைப் படிப்படியாக எழுதுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

1. யார் பணம் தருகிறார்கள், யார் நடத்துகிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லத்தான் எல்லாருக்கும் ஆசை. ஆனால் மற்ற எல்லாப் படிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன என்பதால், இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பொது மருத்துவமனையின் கட்டடம், ஊழியர், அன்றாட நிர்வாகம் ஆகியவை மாநில அரசின் பொறுப்பில் இருக்கின்றன. செலவை மாநில அரசும் ஃபெடரல் அரசு என்று இங்கே நாம் சொல்லும் மத்திய அரசும் பகிர்ந்துகொள்கின்றன. குடும்ப மருத்துவரை, அதாவது ஜிபியைப் பார்ப்பதற்கு மெடிகேர் என்ற பொது மருத்துவக் காப்பீடு தரும் தொகையோ மத்திய அரசின் கையிலிருந்து வருகிறது. இதனால் நடப்பது என்னவென்றால், ஜிபியிடம் நேரம் கிடைக்காமல் எமர்ஜென்சிக்குப் போய் உட்காரும் ஒருவர், தம்மை அறியாமலேயே ஓர் அரசின் கணக்கிலிருந்து இன்னோர் அரசின் கணக்குக்கு மாறிவிடுகிறார். அவருடைய காத்திருப்புக்குக் காரணம் யார் என்று கேட்டால் இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்ட முடிகிறது. பொது மருத்துவமனைக்காகப் பேசுபவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, இந்தக் கைகாட்டலுக்கு இடம் கொடுக்காமல் கேள்வியைக் கேட்பதுதான்.

மெடிகேர் எப்போதும் இருந்துவந்த ஒன்று அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஜான் டீபிள், டிக் ஸ்காட்டன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1960-களின் இறுதியில் வகுத்த திட்டத்தின் அடிப்படையில், பிரதமர் கஃப் விட்லமின் அரசு 1975 ஜூலை 1 அன்று மெடிபேங்க் என்ற பொது மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியது. அடுத்து வந்த மால்கம் ஃப்ரேசரின் அரசு அதைப் படிப்படியாக மாற்றி, 1981-க்குள் கலைத்தேவிட்டது. பாப் ஹாக்கின் அரசு 1984 பிப்ரவரி 1 அன்று அதை மெடிகேர் என்ற பெயரில் மீண்டும் கொண்டுவந்தது. கொடுக்கப்பட்டு, பறிக்கப்பட்டு, மறுபடியும் கொடுக்கப்பட்ட ஏற்பாடு இது. இதைக் காக்க ஏன் சங்கங்கள் வேண்டும், ஆராய்ச்சி ஏன் வேண்டும், ஒவ்வொரு நிதிநிலை அறிக்கைக்கு முன்பும் ஏன் வாதாட வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் இந்த மூன்று ஆண்டுகளைத்தான் சொல்வேன்.

இன்று இரு அரசுகளுக்கும் இடையிலான கணக்கைத் தீர்மானிப்பது, 2011-இல் கையெழுத்தான தேசிய நலவாழ்வுச் சீர்திருத்த ஒப்பந்தமும் அதன் பிற்கால இணைப்புகளும் ஆகும். பொது நோயாளியாகச் சேருபவருக்குப் பொது மருத்துவமனையில் கட்டணமில்லாச் சிகிச்சை, பணத்தைப் பார்க்காமல் மருத்துவத் தேவையைப் பார்த்து முன்னுரிமை, எங்கே வாழ்ந்தாலும் நியாயமான வாய்ப்பு என்ற அடிப்படைகள் அதில் எழுதப்பட்டுள்ளன. பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு, செய்த வேலைக்கு ஏற்பப் பணம் என்ற முறையில் நிதி வருகிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் அதன் சிக்கலுக்கு ஏற்ப ஓர் எடை தரப்படுகிறது. எடையின் ஓர் அலகுக்கு எவ்வளவு என்பதை இதற்கென உள்ள தனி ஆணையம் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2024-25 நிதியாண்டுக்கு அது 6,465 டாலர். மத்திய அரசு தரும் தொகை நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 6.5 சதவீதத்துக்கு மேல் வளரக் கூடாது என்ற உச்சவரம்பும் பல ஆண்டுகளாக இருந்துவந்தது. தேவை அதைவிட வேகமாக வளரும் ஆண்டில், மிச்சச் சுமை மாநிலத்தின் தலையில் விழும். 2023 டிசம்பரில் பிரதமரும் மாநில முதல்வர்களும் கூடிய தேசிய அமைச்சரவை, மத்திய அரசின் பங்கை 2030-க்குள் 42.5 சதவீதமாகவும் 2035-க்குள் 45 சதவீதமாகவும் உயர்த்துவது என ஒப்புக்கொண்டது. பார்ப்பதற்கு வெறும் எண்கள்தாம். ஆனால் உங்கள் ஊர் மருத்துவமனையில் இரவுப் பணிக்கு எத்தனை செவிலியர் இருப்பார்கள் என்பது பெரும்பாலும் இந்த எண்களில்தான் முடிவாகிறது.

இந்தப் படியை முடிப்பதற்கு முன் உங்கள் மருத்துவமனையை நடத்தும் வட்டார நிர்வாகத்தின் பெயரைக் கண்டுபிடித்து எழுதி வையுங்கள். நியூ சவுத் வேல்ஸில் அதை லோக்கல் ஹெல்த் டிஸ்ட்ரிக்ட் என்பார்கள். குவீன்ஸ்லாந்தில் ஹாஸ்பிடல் அண்ட் ஹெல்த் சர்வீஸ் என்பார்கள். ஜிபி போன்ற முதல்நிலை மருத்துவச் சேவைகளை ஒருங்கிணைக்க, மத்திய அரசின் நிதியில் நாடு முழுவதும் 31 பிரைமரி ஹெல்த் நெட்வொர்க்குகள் 2015 முதல் இயங்குகின்றன; உங்கள் பகுதிக்கு உரியது எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. உங்களுக்கு உரியது எது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

குடியுரிமை பெற்றவர்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கும் மெடிகேர் உண்டு. நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களில் ஒரு சாராரும் தகுதி பெறலாம். மாணவர் விசாவில் வந்தவர்களுக்குத் தனிக் காப்பீடு கட்டாயம். ஆஸ்திரேலியாவுடன் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் செய்துள்ள 11 நாடுகளில் இந்தியாவோ இலங்கையோ இல்லை என்பதால், பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோருக்கு வருகைக்கு முன்பே காப்பீடு எடுத்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் கட்டணம் மெடிகேரில் அடங்காது. குவீன்ஸ்லாந்து, டாஸ்மேனியா மாநிலங்களில் வசிப்பவர்களுக்கு அந்த மாநில அரசுகளே அதை ஏற்றுக்கொள்கின்றன. மற்ற இடங்களில் உறுப்பினர் திட்டமோ தனிக் காப்பீடோ தேவை.

மருத்துவமனையில் சேரும்போது, பொது நோயாளியாகவா, தனியார் நோயாளியாகவா என்று கேட்கும் ஒரு படிவம் தரப்படும். வலியோடும் பதற்றத்தோடும் இருக்கும் நேரத்தில் பலர் அதைப் படிக்காமலேயே கையெழுத்திடுகிறார்கள். தனியார் காப்பீடு வைத்திருப்பவரும் பொது மருத்துவமனையில் பொது நோயாளியாகச் சேரலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வருமான வரியோடு மெடிகேருக்கென 2 சதவீதம் செலுத்துகிற நாம், இந்தத் தேர்வு நம்முடையது என்பதை உணர்ந்து கையெழுத்திட வேண்டும்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொது மருத்துவமனையில் அந்தச் சேவைக்கு நோயாளி பணம் தர வேண்டியதில்லை. 131 450 என்ற எண்ணில் இயங்கும் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழும் உண்டு. மகளோ பேரனோ மொழிபெயர்த்தால் போதாதா என்று நம் வீடுகளில் கேட்பார்கள். கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சையைப் பற்றி மகன் மூலம் பேச வேண்டிய தாயின் நிலையையும், புற்றுநோய் என்ற சொல்லைத் தாத்தாவிடம் சொல்ல மனம் வராமல் "சின்னக் கட்டி" என்று மாற்றிச் சொல்லும் பேத்தியின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஏன் தேவை என்பது விளங்கும்.

3. தேசியச் சங்கம் எது, அது என்ன செய்கிறது

ஆஸ்திரேலியன் ஹெல்த்கேர் அண்ட் ஹாஸ்பிடல்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக ஏஎச்எச்ஏ, பொது மருத்துவமனைகளுக்காகவும் பொது மருத்துவச் சேவைக்காகவும் தேசிய அளவில் வாதாடும், இலாப நோக்கற்ற சங்கம். 1946-இல் தொடங்கிய அதன் தலைமையிடம் கான்பராவில் இருக்கிறது. பொது மருத்துவமனைகள், அவற்றை நடத்தும் வட்டார நிர்வாகங்கள், முதல்நிலை மருத்துவ வலையமைப்புகள், பல்கலைக்கழகங்கள் போன்றவை அதன் உறுப்பினர்கள். அரசின் விசாரணைகளுக்குக் கருத்துரை எழுதுவது, அமைச்சர்களையும் அதிகாரிகளையும் சந்தித்துக் கொள்கை மாற்றங்களுக்காக வாதாடுவது, ஆராய்ச்சியை ஆட்சியாளர்கள் படிக்கக்கூடிய வடிவில் எழுதித் தருவது ஆகியவை அதன் முக்கியப் பணிகள். ஆஸ்திரேலியன் ஹெல்த் ரிவ்யூ என்ற ஆய்விதழ் அந்தச் சங்கத்துடையது. மெடிகேரை வடிவமைத்த ஜான் டீபிளின் பெயரிலேயே டீபிள் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனத்தையும் அது நடத்துகிறது.

அது செய்யாதவற்றையும் தெரிந்துகொண்டால் உங்கள் உழைப்பு வீணாகாது. அந்தச் சங்கம் எந்த மருத்துவமனையையும் நடத்துவதில்லை. தனிப்பட்ட நோயாளியின் புகாரை விசாரிக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. என் முதல் கடிதத்தை நான் இத்தகைய ஓர் அமைப்புக்குத்தான் அனுப்பினேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நேர்ந்ததை மூன்று பக்கம் எழுதி, அந்தச் செவிலியர் மீது நடவடிக்கை எடுக்குமாறு கேட்டிருந்தேன். அது அவர்கள் செய்யக்கூடிய வேலையே அல்ல என்பதை மிகவும் மரியாதையான ஒரு பதிலில் இருந்து அறிந்துகொண்டேன்.

ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களுடைய மற்ற அமைப்புகளோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆஸ்திரேலியன் மெடிக்கல் அசோசியேஷன் மருத்துவர்களின் சங்கம். பொது மருத்துவமனைகளின் நிலையைப் பற்றி ஆண்டுதோறும் அது வெளியிடும் மதிப்பெண் அறிக்கை படிக்க வேண்டிய ஒன்று. ஆஸ்திரேலியன் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி ஃபெடரேஷன் செவிலியர், பேறுகாலச் செவிலியரின் தொழிற்சங்கம். தனியார் மருத்துவமனைகளுக்கும் தனிச் சங்கம் இருக்கிறது. நோயாளிகளின் பக்கம் நின்று பேசும் தேசிய அமைப்பு, 1987-இல் தொடங்கிய கன்ஸ்யூமர்ஸ் ஹெல்த் ஃபோரம். மாநிலங்களிலும் இதைப் போன்ற நுகர்வோர் அமைப்புகள் உண்டு. இவை எல்லாமே பொது மருத்துவமனை வலுப்பெற வேண்டும் என்றுதான் சொல்லும். ஆனால் யாருடைய இடத்திலிருந்து சொல்கின்றன என்பதை அறிந்து படித்தால், ஓர் அறிக்கையில் எது அழுத்திச் சொல்லப்படுகிறது, எது விடுபட்டிருக்கிறது என்பது புலப்படும்.

4. எழுதுவதற்கு முன் படியுங்கள்

டீபிள் இன்ஸ்டிட்யூட் வெளியிடும் சிறு ஆய்வறிக்கைகளில் உங்களைத் தொடும் பொருள் எதுவோ அதில் ஒன்றை எடுத்து முழுமையாகப் படியுங்கள். பிரச்சினை என்ன, இதுவரை என்ன செய்யப்பட்டது, யார் என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் அவை அமைந்திருக்கும்; பின்னர் நீங்கள் எழுதும்போது இந்த வரிசையே கைகொடுக்கும்.

அடுத்து, ஆஸ்திரேலியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹெல்த் அண்ட் வெல்ஃபேர் என்ற மத்திய அரசு அமைப்பு மைஹாஸ்பிடல்ஸ் என்ற பெயரில் வெளியிடும் தகவல்களில் உங்கள் மருத்துவமனையின் பெயரைத் தேடிப் பாருங்கள். அவற்றைப் புரிந்துகொள்ள இரண்டு அளவுகோல்கள் தெரிந்திருக்க வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்படுகிறார்கள்: முதல் நிலையினருக்கு உடனடியாகவும், மற்றவர்களுக்கு முறையே 10, 30, 60, 120 நிமிடங்களுக்குள்ளும் சிகிச்சை தொடங்க வேண்டும். திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் மூன்று வகையினர். முதல் வகையினருக்கு 30 நாட்களுக்குள்ளும், இரண்டாம் வகையினருக்கு 90 நாட்களுக்குள்ளும், மூன்றாம் வகையினருக்கு 365 நாட்களுக்குள்ளும் நடக்க வேண்டும். "ஐந்து மணி நேரம் காக்க வைத்தார்கள்" என்ற வாக்கியத்தைவிட, "30 நிமிட நிலையில் வகைப்படுத்தப்பட்டவர் ஐந்து மணி நேரம் காத்திருந்தார்" என்ற வாக்கியம் பலமடங்கு வலிமையானது. நமக்குப் பிறகு வந்தவரை முன்னே அழைத்துச் செல்லும்போது எழும் கோபமும், இந்த வரிசை தெரிந்த பிறகு பெருமளவு தணிந்துவிடும்.

வெளிநோயாளிப் பிரிவில் நிபுணரை முதல்முறை பார்க்கக் காத்திருக்கும் காலம் அறுவைச் சிகிச்சைப் பட்டியலின் நாட்கணக்கில் சேர்வதில்லை என்பதையும் கவனியுங்கள். ஜிபி ரெஃபரல் எழுதிய நாளையும் நிபுணரைப் பார்த்த நாளையும் குறித்து வைத்திருக்கும் குடும்பத்தினரால் அந்த இடைவெளியைத் துல்லியமாகச் சொல்ல முடியும்.

5. நடந்ததைக் குறித்து வையுங்கள். புகாரையும் கொள்கையையும் பிரித்துப் பாருங்கள்

என் கைப்பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எப்போதும் இருக்கும். யாரையாவது மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் வந்த நேரம், எந்த நிலையில் வகைப்படுத்தினார்கள், செவிலியர் பார்த்த நேரம், மருத்துவர் பார்த்த நேரம், மொழிபெயர்ப்பாளர் கேட்கப்பட்டதா, எவ்வளவு நேரத்தில் வந்தார், வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளை யார் எந்த மொழியில் விளக்கினார்கள் என்பதை அப்போதே எழுதிவிடுவேன். நன்றாக நடந்ததையும் எழுதுவேன். நள்ளிரவில், தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை ஒரு தாயின் கையைப் பிடித்துக் காத்திருந்த ஓர் இளம் மருத்துவரைப் பற்றிய குறிப்பு அதில் இருக்கிறது. பின்னாளில் ஒரு குழுக் கூட்டத்தில் மற்ற எந்தக் குறையைவிடவும் அந்தக் குறிப்புதான் எனக்கு அதிகம் உதவியது, ஏனென்றால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சியாக இருந்தது.

குறிப்பு கைக்கு வந்ததும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது இந்த ஒரு நோயாளிக்கு நேர்ந்த தவறா, அல்லது யார் வந்தாலும் நேரக்கூடியதா? முதல் வகை என்றால் அது புகார். வார்டின் பொறுப்புச் செவிலியரிடம் தொடங்கி, மருத்துவமனையில் நோயாளிகளின் குறைகளைக் கவனிக்கும் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, அங்கும் தீராவிட்டால் மாநிலப் புகார் அமைப்புக்குப் போக வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் ஹெல்த் கேர் கம்ப்ளெயின்ட்ஸ் கமிஷன், விக்டோரியாவில் ஹெல்த் கம்ப்ளெயின்ட்ஸ் கமிஷனர், குவீன்ஸ்லாந்தில் ஹெல்த் ஆம்புட்ஸ்மன் என இவற்றுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பெயர். புகார் கொடுத்தால் அடுத்த முறை சிகிச்சை சரியாகக் கிடைக்காது, விசாவுக்குப் பாதிப்பு வரும் என்ற அச்சம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. கருத்துத் தெரிவிப்பது ஆஸ்திரேலிய மருத்துவ உரிமைச் சாசனத்தில் எழுதப்பட்ட ஓர் உரிமை. அதைச் செய்ததற்காக உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. இரண்டாம் வகை என்றால் அது கொள்கைக்கு உரியது. தேசியச் சங்கங்களுக்கும் நாடாளுமன்றக் குழுக்களுக்கும் பயன்படுவது அதுதான்.

6. உள்ளூர் மருத்துவமனையின் குழுவில் இடம் கேளுங்கள்

நாட்டின் மருத்துவமனைகள் எல்லாம் எட்டுத் தேசியத் தரநிலைகளின்படி மதிப்பிடப்படுகின்றன. அவற்றில் இரண்டாவது, நுகர்வோரைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்வது பற்றியது. ஆகவே நுகர்வோர் பிரதிநிதிகளைத் தேடுவது மருத்துவமனைகளுக்கு ஒரு கட்டாயத் தேவை. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களில் முன்வருவோர் குறைவு. மருத்துவமனையை அழைத்து, நுகர்வோர் பங்கேற்பைக் கவனிக்கும் அலுவலரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். ஒரு விண்ணப்பமும் ஓர் உரையாடலும் காவல்துறைச் சான்றும் கேட்பார்கள். கூட்டத்துக்கு வருவோருக்குப் பல இடங்களில் ஒரு தொகையும் பயணச் செலவும் தருகிறார்கள். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

முதல் கூட்டத்துக்கு முன் எழுபது பக்கத் தாள்கள் மின்னஞ்சலில் வந்தபோது, பாதி சுருக்கெழுத்துகள் புரியாமல் இரண்டு இரவுகள் விழித்திருந்தேன். புரியாதவற்றைப் பட்டியலிட்டுக் கூட்டத்திலேயே கேட்டேன். அறையில் இருந்த அதிகாரிகளில் இருவருக்கும் ஒரு சுருக்கெழுத்தின் விரிவு தெரியவில்லை. அன்று முதல் எனக்குத் தயக்கம் போயிற்று. மூன்றாவது கூட்டத்தில் மருத்துவமனை அனுப்பும் வெளிநோயாளிக் கடிதம் ஒன்றை மேசையில் வைத்தேன். மொழிபெயர்ப்பாளர் இலவசம் என்ற செய்தி அதன் பின்பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. ஆங்கிலம் படிக்க முடியாதவருக்கு ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட செய்தி அது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. யாரும் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்ததில்லை. அந்த ஒரு வரி முன்பக்கத்தின் மேலே, அந்தப் பகுதியில் அதிகம் பேசப்படும் மொழிகளில் இடம்பெற ஏழு மாதங்கள் ஆயின. படிவக் குழு, அச்சுக் குழு, கணினிக் குழு என மூன்று இடங்களில் அனுமதி தேவைப்பட்டது. அதற்குள் நான் இரண்டு முறை விலகிவிட நினைத்தேன். புதிதாகச் சேர்பவர்கள் இந்த வேகத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

7. கருத்துரை எழுதும் முறை

செனட்டின் குழுக்களும் பிரதிநிதிகள் சபையின் குழுக்களும் விசாரணை அறிவிக்கும்போது, பொதுமக்களிடமிருந்து சப்மிஷன் என்று சொல்லப்படும் எழுத்துமூலக் கருத்துரைகளைக் கேட்கின்றன. நிதியமைச்சகமும் ஒவ்வொரு நிதிநிலை அறிக்கைக்கு முன்பும் கருத்துரைகளை வரவேற்கிறது. அந்த அறிக்கை வழக்கமாக மே மாதத்தில் வருவதால், கோடை விடுமுறைக் காலத்திலேயே இதற்கான அழைப்பைத் தேடிப் பாருங்கள். முதலில் விசாரணையின் வரையறைகளைப் படித்து, எந்த அம்சத்துக்கு எழுதுகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே குறிப்பிடுங்கள். இரண்டு பக்கம் போதும். நீங்கள் யார், என்ன கண்டீர்கள், அது ஏன் ஒருவருக்கு மட்டும் நேர்ந்தது அல்ல, எந்த அரசு என்ன செய்ய வேண்டும் என்ற நான்குக்கும் பதில் இருந்தால் அது நல்ல கருத்துரை.

என் முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: "மருத்துவமனைகளில் காத்திருப்பு மிக மோசமாக இருக்கிறது, அரசு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்." இதில் பொய் இல்லை. ஆனால் படிக்கும் அதிகாரியால் இதை வைத்து எதுவும் செய்ய முடியாது. குழுவில் இருந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் சொன்ன பிறகு இப்படி மாற்றினேன்: "ஆங்கிலம் அறியாத, எழுபதைக் கடந்த ஒருவரிடம் வலியைப் பற்றி மூன்று முறை விசாரிக்கப்பட்டது, ஒருமுறைகூடத் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் அழைக்கப்படவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவின் முன்வாசலிலேயே மொழித் தேவையைக் கேட்டுப் பதிவதைக் கட்டாயமாக்கவும், எத்தனை முறை அந்தத் தேவை நிறைவேறியது என்பதை ஆண்டறிக்கையில் வெளியிடவும் பரிந்துரைக்கிறேன்." நடந்தது அதேதான், ஆனால் இரண்டாவதைப் படிப்பவர் நாளைக் காலை யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அறிவார்.

நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்பிய கருத்துரை அந்தக் குழுவின் உடைமையாகிவிடுகிறது. குழு அதை வெளியிட அனுமதிக்கும்வரை நீங்கள் முகநூலிலோ வேறெங்கோ பகிரக் கூடாது. பெயரை மறைக்கும்படியோ முழுவதையும் இரகசியமாக வைக்கும்படியோ கேட்கலாம். இன்னொருவரின் நோயைப் பற்றி எழுதும்போது அவரிடம் அனுமதி பெறுங்கள். பெற்றாலும், அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிடுங்கள்.

பிரதிநிதிகள் சபைக்கு இணையவழி மனு அனுப்புவதும் ஒரு வழி. மனு 250 சொற்களுக்குள் இருக்க வேண்டும். நான்கு வாரங்கள் கையெழுத்துக்குத் திறந்திருக்கும். கையெழுத்திட ஆஸ்திரேலியாவில் வசிப்பவராக இருந்தால் போதும், குடியுரிமை கட்டாயமில்லை. ஆனால் பொருள் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். முதல் படியில் சொன்னது இங்கே மறுபடியும் வருகிறது: உங்கள் ஊர் மருத்துவமனையில் பிரசவ வார்டு மூடப்படுவதைப் பற்றிய மனுவுக்கு உரிய இடம் மாநில நாடாளுமன்றம்; அந்த மாநிலத்துக்கு வரும் மத்திய நிதியைப் பற்றியது என்றால்தான் கான்பரா.

8. சங்கத்தோடு இணைந்து செயல்படுங்கள்

மருத்துவமனையிலோ பல்கலைக்கழகத்திலோ வேலை செய்பவர்கள், தங்கள் நிறுவனம் ஏஎச்எச்ஏவில் உறுப்பினராக இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். உறுப்பினர்களுக்கு உரிய நிகழ்வுகளும் செய்திகளும் அதன் வழியாக உங்களுக்கும் கிடைக்கலாம். நலவாழ்வுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நம் பிள்ளைகளுக்கு டீபிள் இன்ஸ்டிட்யூட் தரும் ஆய்வு உதவித்தொகையைப் பற்றிச் சொல்லுங்கள். மற்றவர்கள், சங்கம் ஒரு விசாரணைக்கு அனுப்பிய கருத்துரையைப் படித்து, அதில் தாங்கள் உடன்படும் பரிந்துரையைக் குறிப்பிட்டு, தங்கள் அனுபவத்தை அதற்குச் சான்றாகத் தங்கள் கருத்துரையில் எழுதலாம். மேலே நின்று முழு நிலத்தையும் பார்க்கும் சங்கத்தின் எழுத்தும், ஓர் இரவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் எழுத்தும் ஒரே பரிந்துரையில் வந்து சேரும்போது, குழுவின் அறிக்கையை எழுதுபவர் இரண்டையும் அடுத்தடுத்து மேற்கோள் காட்ட முடிகிறது.

தமிழ் அமைப்புகள் தனியாக எழுதுவதைவிட, இதே சிக்கலைச் சந்திக்கும் மற்ற மொழியினரோடும் நகரத்துக்கு வெளியே வாழ்வோரோடும் சேர்ந்து எழுதுவது நல்லது என்பது என் கருத்து. தன் சமூகத்துக்கு மட்டும் கேட்பவராகத் தெரிந்தால், பேச்சு அத்தோடு சுருங்கிப்போகும்.

9. அனுப்பிய பிறகு

பதிவு எண்ணையும் அனுப்பிய நாளையும் நோட்டில் குறியுங்கள். குழுவின் அறிக்கை வெளிவந்ததும் உங்கள் கருத்துரையின் எண் அடிக்குறிப்புகளில் இருக்கிறதா என்று தேடுங்கள். செனட் குழுவின் அறிக்கைக்கு மூன்று மாதங்களுக்குள்ளும், பிரதிநிதிகள் சபைக் குழுவின் அறிக்கைக்கு ஆறு மாதங்களுக்குள்ளும் அரசு பதில் தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நடைமுறையில் இது பலமுறை தாண்டிப் போகிறது. அந்தக் கெடு முடியும் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்து, அன்று உங்கள் தொகுதியின் எம்.பி.க்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: இந்தப் பெயருடைய அறிக்கையின் இந்த எண் பரிந்துரைக்கு அரசு எப்போது பதில் தரும்? வாக்குரிமை இல்லாத நிரந்தர வதிவாளர்களும் இதை எழுதலாம். அந்தத் தொகுதியில் வாழ்கிறீர்கள் என்பதே போதும். பதில் வந்ததும், சாதகமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதைப் பக்க எண்ணோடு உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். கூடவே, அடுத்த விசாரணைக்குக் கருத்துரை அனுப்ப வேண்டிய கடைசித் தேதியையும் எழுதிவிடுங்கள்.